காலியான தரவுத்தளத்தில் முதல் தரவு

புதிதாக நிறுவிய செயலியில் முகவரிப் படிவத்தைத் திறந்தால், மாநிலங்களின் பட்டியல் ஏற்கெனவே அங்கே இருக்கும். பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் கட்ட உதவும் ஜாங்கோவில் எழுதிய செயலி என்றால், அதைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மைக்ரேஷன் கோப்பாக இருக்கலாம்.

அட்டவணைகளின் அமைப்பைப் படிப்படியாக மாற்றுபவை மைக்ரேஷன்கள். 2014-இல் வெளியான ஜாங்கோ 1.7 முதல் இந்த வசதி அதனுள்ளேயே இருக்கிறது. ஓடி முடிந்த கோப்புகளை ஜாங்கோ தரவுத்தளத்திலேயே தனி அட்டவணையில் குறித்துக்கொள்ளும். குறித்ததை மறுபடி ஓட்டாது. ‘ரன்பைத்தான்’ என்ற செயல்பாட்டைச் சேர்த்தால், அட்டவணைக்குள் தரவையும் அதே வரிசையில் நிரப்பலாம்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாநிலம் என்ற மாடலை, அதாவது மாநில அட்டவணையை விவரிக்கும் பைத்தான் வகுப்பை, கோப்பின் மேலே நேரடியாக இம்போர்ட் செய்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும். ஆறு மாதம் கழித்து அந்த மாடலில் ‘தலைநகரம்’ என்று ஒரு புலம் சேர்ந்தால், பழைய கோப்பும் இன்றைய மாடலைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் அட்டவணையிலோ அந்தப் புலம் இருக்காது. பிழை வரும். பழைய சர்வர்களில் அந்தக் கோப்பு திரும்ப ஓடாது என்பதால், குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம்தான் அது முதலில் வெடிக்கும். ஜாங்கோ தரும் ‘கெட்_மாடல்’ வழியாக மாடலைக் கேட்டால், அந்த மைக்ரேஷன் காலத்து வடிவமே கிடைக்கும். ஆனால் பதிவைச் சேமிக்கும்போது ஓடுவதற்காக மாடலில் நீங்கள் மாற்றி எழுதிய ‘சேவ்’ முறை அதில் இருக்காது. அது நிரப்பும் மதிப்புகளை நீங்களே தர வேண்டும்.

நாட்டின் பட்டியலும் மாறும். தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் 2020 ஜனவரி 26 அன்று ஒரே யூனியன் பிரதேசமாயின. பழைய கோப்பைத் திருத்திப் பயனில்லை, அது ஓடி முடிந்தது. புதிய மைக்ரேஷன் எழுதி, இணைந்த பிரதேசத்தைச் சேர்த்து, பழைய இரண்டையும் சுட்டும் முகவரிகளை அதற்கு மாற்றிய பிறகே அவற்றை நீக்க வேண்டும். முகவரியை மாநிலத்தோடு இணைக்கும் உறவில் ‘கேஸ்கேட்’ (மாநிலம் நீங்கினால் அதைச் சுட்டுபவையும் நீங்கட்டும்) என்று கொடுத்திருந்து, இந்த வரிசையும் தப்பினால், வாடிக்கையாளர்களின் முகவரிகளும் சேர்ந்தே அழியும்.

ஐடி எண்ணை நீங்களாகக் கொடுக்காதீர்கள். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் அப்படிக் கொடுத்தால் தானியங்கி எண் வரிசை நகராது; அடுத்துச் சேரும் பதிவு அதே எண்ணைக் கேட்டு மோதும். மாநிலக் குறியீட்டை வைத்து அடையாளம் காண்பதே பாதுகாப்பு.

செயலி இயங்கத் தேவையான தரவுக்கு மட்டுமே இந்த வழி. பழகிப் பார்ப்பதற்கான கற்பனை வாடிக்கையாளர்களை இதில் வைத்தால், அவர்கள் நிஜ சர்வருக்கும் போய்ச் சேருவார்கள். அவர்களை ஃபிக்ஸ்சர் என்ற தனித் தரவுக் கோப்பில் வைத்து, வேண்டும்போது ‘லோடுடேட்டா’ கட்டளையால் ஏற்றுங்கள்.