வெல்லம் சாப்பிட்டால் ஈயம் வெளியேறாது

பழைய ராணுவ ஜீப்புகளைப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். சென்ற வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். போர்டிகோவில் இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப். வீட்டுப் பையன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கிரைண்டரால் பானெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்ந்த ஓரத்தில் அடுக்குகள் தெரிந்தன: ஒரு பச்சை, அதற்கடியில் மங்கிய இன்னொரு பச்சை, வெள்ளை நட்சத்திரத்தின் ஒரு முனை, கடைசியில் செங்காவி பிரைமர் என்ற அடிப்பூச்சு. அந்தத் தூசி அத்தனையும் பக்கத்தில் நின்ற குழந்தையின் சைக்கிளில் படிந்திருந்தது. “வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்துவிடுவேன் சார், உள்ளே போன தூசியெல்லாம் வெளியேறிவிடும்” என்றார் பையனின் அப்பா.

இதை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்பது? வெல்லம் போவது இரைப்பைக்கு. தூசி போவது நுரையீரலுக்கு. அந்தக் காலத்துப் பச்சையிலும் மஞ்சளிலும் ஈயக் குரோமேட் என்ற நிறமியும், பிரைமரில் சிவப்பு ஈயமும் இருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரலுக்குள் போன ஈயம் ரத்தத்தில் கலந்து, எலும்பில் சேர்ந்து, பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடும். வெல்லமோ வாழைப்பழமோ பாலோ மோரோ அதைக் கழுவி எடுக்காது. கேடுதான் கூடும்: தூசி படிந்த விரலால் வெல்லத்தை எடுத்து வாயில் போட்டால், மூக்கு வழியாகப் போகாத ஈயமும் வயிற்றுக்குள் போய்விடும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும்.

“பெயிண்டில் ஈயத்துக்குத்தான் கட்டுப்பாடு வந்துவிட்டதே” என்பார்கள். 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2016-இல் வந்த விதி. அதுவும் வீட்டுப் பெயிண்டுக்கு. 1940களில் அடித்த பெயிண்டை அது என்ன செய்யும்?

கிரைண்டரைக் கீழே வையுங்கள். புளோ லாம்ப் தீயால் பெயிண்டைச் சுடவே கூடாது. ஈயம் புகையாகவே எழும். பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள், மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேயுங்கள். முகத்தோடு இறுக ஒட்டும், துகள் வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க் வேண்டும். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். பிரேக் டிரம்மில் கம்ப்ரசர் காற்றை அடிக்கவும் வேண்டாம்; பழைய பிரேக் ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும்.

புதுப் பெயிண்டுக்கு வருவோம். ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்த பளபளப்பான பாலியூரித்தேன் பெயிண்ட் கேட்கிறார்கள். அந்த ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். வாசனை தெரியாத அளவே போதும். குழாய் வழியாக வெளிக்காற்று வரும் ஹூட்டைத் தலையில் மாட்டாமல் அதை ஸ்பிரே செய்யக் கூடாது. போர்க்கால ஜீப்பில் பளபளப்பே கிடையாது. மங்கலான எனாமல்தான் அடித்தார்கள். அசல் போலவே வேண்டுமென்றால் அந்த ஹார்டனர் எதற்கு?

சொந்த வண்டிக்கு ராணுவப் பச்சை அடித்துத் தரச் சொல்பவர்களுக்கு: மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. என்னிடம் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே உலர்வாகத் தேய்த்து முடித்தவர்கள், தயவுசெய்து உங்களுக்கும் வேலை செய்த பையனுக்கும் வீட்டுக் குழந்தைக்கும் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது வராது. மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லித் தனியாக எழுதி வாங்க வேண்டும்.