கழுத்துக் கருமையைத் தேய்க்காதீர்கள்

"எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது டாக்டர்" என்று மகளின் கழுத்தைக் காட்டினார் ஓர் அம்மா. பிடரியைச் சுற்றித் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல இருந்தது. ஓரமெல்லாம் தேய்த்த காயம். கடைசியாக எப்போது தீட்டு வந்தது என்று கேட்டேன். நாலு மாதம் ஆகிறது என்றாள் அந்தப் பதினாறு வயதுப் பெண். கழுத்துக்காக வந்தவர்களுக்கு அதைச் சொல்லவே தோன்றவில்லை.

அது அழுக்கு இல்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் தோல் செல்களைப் பெருக்குகிறது; கருமை அதனால்தான். அதே இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனையும் கூட்டுகிறது. அப்புறம் தாடையில் முரட்டு முடி, அடங்காத பரு, தள்ளிப்போகும் மாதவிடாய். இதுதான் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்கிற சினைப்பைக் கோளாறு. 'நீர்க்கட்டி' என்று சொல்லிப் பயந்துபோய் வருகிறார்கள்; ஸ்கேனில் தெரிபவை கட்டிகளே அல்ல, பாதி வளர்ச்சியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது உண்டு.

சரி, கழுத்து கறுத்தாலே பிசிஓஎஸ்தானா? இல்லை. மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கும் கறுக்கலாம். அப்போதும் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும். சில குடும்பங்களில் முடி இயல்பாகவே அதிகம். ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வருகிறது. 'நீதான் குண்டா இல்லையே' என்று திருப்பி அனுப்பப்பட்டு, வருடக்கணக்கில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கனத்துவிடும்.

பிசிஓஎஸ் போல எல்லா நோயும் வெளியே தெரியாது. கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் விஷயத்தில் வெளித்தோற்றம் கை கொடுக்காது. அந்த நோய் உள்ள பெண்கள் அழகாக இருப்பார்கள் என்றுகூட 2013இல் ஓர் ஆய்வு வந்தது. 2020இல் அது திரும்பப் பெறப்பட்டது. அங்கே நான் கேட்பது வலியைப் பற்றித்தான்: மாதாமாதம் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாமல் படுத்துவிடுகிறீர்களா?

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சில மாதங்களுக்குள் முகத்தில் முடி வேகமாக வளர்ந்து, குரலும் கட்டையானால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி அரிதாக இருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு சர்க்கரை, தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்), ஆண்ட்ரோஜன் எல்லாம் பார்க்க எழுதிக்கொடுத்தேன். ஸ்கேனை வைத்து முடிவு செய்யவில்லை. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் வரை சினைப்பை அப்படித் தெரிவது சகஜம். போகும்போது அம்மா கேட்டார், "அப்போ இனிமே தேய்க்க வேண்டாமா?" வேண்டாம் என்றேன். மகள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.