முதல்ல ஹோல்ஸ்டர், அப்புறம் துப்பாக்கி

டெக்சாஸ்ல துப்பாக்கியை உடம்புல வச்சுக்கிட்டு வெளிய போறதுக்கான லைசென்ஸ் கிளாஸ் எடுக்கிறேன், நம்ம ஆளுங்களும் நிறைய பேர் வர்றாங்க. சனிக்கிழமை காலையில அவங்க பையைத் திறந்ததுமே பாதி கதை தெரிஞ்சுரும். அறுநூறு டாலருக்குப் பளபளன்னு ஒரு பிஸ்டல், அதை வைக்கிறதுக்கு பதினஞ்சு டாலர் நைலான் ஹோல்ஸ்டர், அதாவது இடுப்புல மாட்டுற உறை, அதுவும் எந்த துப்பாக்கியும் உள்ள போற மாதிரி தொளதொளன்னு. "அண்ணே, கன் நல்லதா பாத்து வாங்கிட்டேன், ஹோல்ஸ்டர் அப்புறம் பாத்துக்கலாம்ல?" அப்படின்னு ஒருத்தர் கேட்டார், அவர் அடிச்ச முதல் ரவுண்டு முடிஞ்சு உறையில திரும்ப வைக்கும்போது ஜாக்கெட்டோட இழுகயிறு ட்ரிகர் பக்கம் போய் மாட்டிக்கிச்சு, நான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன், இல்லேன்னா குண்டு அவர் தொடைக்குள்ளதான் போயிருக்கும்.

அதனால என் கணக்கு தலைகீழ். ட்ரிகர் முழுசா மூடுற, அந்த மாடலுக்குன்னே அச்சு எடுத்த கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க, கிடைக்கலன்னா அந்த துப்பாக்கியே வேண்டாம். கூடவே கெட்டியான பெல்ட். சாதா ஆபீஸ் பெல்ட்ல மாட்டினா மதியத்துக்குள்ள தொங்க ஆரம்பிச்சிரும், நீங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் இடுப்பைத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பீங்க, ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும்.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம். 2021 செப்டம்பர் 1ல இருந்து டெக்சாஸ்ல 21 வயசு ஆனவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளிய எடுத்துட்டுப் போகலாம்னு சட்டம் வந்துச்சு, அதைக் கேட்டுட்டு எச்1பி-ல இருக்கிற பசங்க கூட போன் பண்றாங்க. தம்பிகளா, அந்தச் சட்டம், ஏற்கனவே துப்பாக்கி வச்சுக்கத் தடை இல்லாதவங்களுக்குத்தான். எச்1பி, எஃப்1 மாதிரி விசால இருக்கிறவங்க துப்பாக்கி கையில வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம், ரேஞ்சுல, அதாவது சுட்டுப் பழகுற இடத்துல, வாடகைக்கு எடுத்துச் சுடுறதும் அதுக்குள்ளதான் வரும். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா வக்கீலைக் கேக்காம அதை நம்பி இறங்காதீங்க, மாட்டினா விசாவும் போயிரும். கிரீன் கார்டு இருந்தா அந்தத் தடை கிடையாது.

சரி, எந்த துப்பாக்கி? சின்னது நல்லதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. ரூகர் எல்சிபின்னு ஒரு குட்டி பிஸ்டல், 300 கிராம் கூட வராது, பாக்கெட்ல போட்டா இருக்கிறதே தெரியாது, ஆனா எடை குறையக் குறைய கையில உதைக்கிறது ஜாஸ்தி, இருபது ரவுண்டு சுட்டுட்டு "போதும்"னு வச்சிருவாங்க, அப்புறம் பயிற்சியே கிடையாது. மனைவிக்கு வாங்குறவங்க நேரா அஞ்சு குண்டு ரிவால்வர் வாங்குறது இன்னொரு கூத்து. அதோட ட்ரிகர் இழுக்கக் கனம், குறி பாக்குற முனை குட்டி, உண்மையில அது பழகின கைக்கான துப்பாக்கி! அவங்களையே ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் நாலஞ்சு வாடகைக்கு எடுத்துச் சுட வைங்க. விரல் நுனி ட்ரிகர்ல சுலபமா உக்காருதா, ஸ்லைடை (குண்டை ஏத்த பின்னால இழுக்கிற மேல் பாகம்) இழுக்க முடியுதா, இது ரெண்டும் பிராண்டை விட முக்கியம். ஸ்லைடு வரலன்னா ஒரு கையால அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பிடியை முன்னால தள்ளச் சொல்லுவேன், பாதி பேருக்கு அதுலயே வந்துரும். 2018ல சிக் பி365ங்கிற பிஸ்டல் வந்தப்புறம் உள்ளங்கை அளவுலயே 9 எம்எம் பத்து குண்டு மேகசின் கிடைக்குது, க்ளாக் 43எக்ஸும் அந்த ரகம்தான், பெரும்பாலானவங்களுக்கு இந்த சைஸ் போதும்.

எங்க வைக்கிறதுன்னா, வலது கைக்காரங்களுக்கு தொப்புளை 12 மணின்னு வச்சுக்கிட்டா இடுப்புல கடிகாரம் மாதிரி 4 மணி இடம், இல்லேன்னா தொப்புளுக்குக் கொஞ்சம் வலது பக்கம் முன்னால. முன்னால வச்சா வேகமா எடுக்கலாம், ஆனா நம்மள்ல பாதி பேருக்குத் தொப்பை ஒத்துழைக்காது, எனக்கும்தான். பின்னால வச்சா இந்தியன் ஸ்டோர்ல கீழ் தட்டுல இருக்கிற அரிசி மூட்டையைக் குனிஞ்சு எடுக்கும்போது சட்டை இறுகி அச்சு அப்படியே தெரியும், அதனால இடுப்பால குனியாம முட்டியை மடக்கி உக்காந்து எடுங்க.

ஹேண்ட்பேக்குல வைக்கிறதுக்கு மட்டும் நான் சம்மதிக்கவே மாட்டேன். 2014 டிசம்பர் 30, ஐடாஹோ மாநிலம் ஹேடன்ல, கடையில தள்ளுவண்டியில உக்காந்திருந்த ரெண்டு வயசுப் பையன் அம்மாவோட பேக்குல இருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதுல அந்த அம்மா செத்தே போயிட்டாங்க, இத்தனைக்கும் அது துப்பாக்கி வைக்கவே தனி ஜிப் வச்சுத் தைச்ச பேக். ஏர்போர்ட் கதையும் இதேதான், 2023ல மட்டும் செக்பாயின்ட்ல 6,700க்கு மேல துப்பாக்கி பிடிச்சாங்க, முக்கால்வாசிக்கு மேல குண்டு போட்டது, கேட்டா பைக்குள்ள இருந்ததே மறந்துபோச்சுன்னுதான் நிறைய பேர் சொல்றாங்க.

வீட்டுக்கு வந்து கழட்டினா நேரா பூட்டுப் பெட்டிதான், அலமாரி மேல் தட்டு கிடையாது. டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்கு எட்டுற மாதிரி குண்டு போட்ட துப்பாக்கியை விட்டு வச்சா உங்க மேலயே கேஸ் வரலாம். அமெரிக்காவுல துப்பாக்கியால சாகிறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலைங்கிறதையும் கிளாஸ்ல சொல்லுவேன், அப்போ மட்டும் ஹால் அமைதியாயிரும். வீட்ல யாருக்காவது மனசு சரியில்லாத நாள்னா, கொஞ்ச காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டை விட்டே வெளிய குடுத்து வைங்க, அதை வாங்கி வச்சுக்கிற கடைகளும் ரேஞ்சுகளும் இருக்கு, போன் பண்ணிக் கேட்டுட்டுக் கொண்டு போங்க.