பத்துக் குரோமிஸ் ஏன் ஒன்றாகக் குறைகிறது?

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் கூட்டமாக மீன் வேண்டும் என்றதும் முதலில் வாங்குவது பச்சைக் குரோமிஸ். விலை குறைவு, பவளத்தைக் கடிக்காது, கடைத் தொட்டியில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதே தனி அழகு. ஆசையாகப் பத்து வாங்கி விடுவார்கள். பிறகு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். உப்பு, வெப்பம், நைட்ரேட் எல்லாம் சரியாகவே இருக்கும்.

கடலில் இவை கிளைவிட்ட பவளத்துக்கு மேலே பெருங்கூட்டமாக நின்று, நீரோட்டம் கொண்டுவரும் மிதவைச் சிற்றுயிர்களைப் பகல் முழுக்கக் கொத்தித் தின்னும். பெரிய மீனின் நிழல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் கிளைகளுக்குள் புகுந்துவிடும். கண்ணாலும், நீரின் அசைவை உணரும் பக்கவாட்டுக் கோட்டாலும் பக்கத்து மீனின் ஒவ்வொரு திருப்பத்தையும் அறிகின்றன. பயமும் ஓயாத தீனியும்தான் கூட்டத்தைக் கட்டி வைக்கின்றன. தொட்டியில் இரண்டுமே இல்லை. துரத்த எதிரி இல்லாததால் சில நாளில் கூட்டம் தளர்ந்து பரவுகிறது. தீனியோ ஒரே மூலையில், ஒரே வேளையில் விழுகிறது. வலுத்தது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை விரட்டும், அது தனக்கு இளைத்ததை விரட்டும்.

கடைசிப் படியில் இருக்கும் மீனை அடையாளம் காண்பது எளிது. நீர் திரும்பி விழும் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில், துடுப்பை உடலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வால் ஓரம் கிழிந்திருக்கும். தீனி போட்டதும் முன்னே வரும், பாதி வழியிலேயே திரும்பிவிடும். அது செத்தபின் அடுத்தது அந்த மூலைக்குப் போகும்.

எனவே தொட்டியின் கொள்ளளவைவிட நீளம் முக்கியம். ஏழெட்டுக் குரோமிஸுக்குக் குறைந்தது 4 அடி, முடிந்தால் 6 அடி. பாறைகளைச் சுவர்போல அடுக்காமல் இரண்டு மூன்று தனிக் குன்றுகளாக வைத்தால், துரத்தப்படும் மீன் பார்வையிலிருந்து மறைய முடியும். எல்லா மீனும் ஒரே அளவில், ஒரே நாளில் உள்ளே போக வேண்டும். ஒற்றைப்படையில்தான் வாங்க வேண்டும் என்று சொல்வதில் பொருளில்லை. கூட்டம் கலையாமலிருக்க ஒரு வேட்டைமீனை விடலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஓயாத பயத்தில் இவை தின்பதையே நிறுத்திவிடும்.

தீனியை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறையாகப் பிரித்து, தொட்டியின் இரண்டு முனையிலும், நீரோட்டம் பரப்பும் இடத்தில் போடுங்கள். இறால் போன்ற சிற்றுயிர்களான சிறிய மைசிஸ், ஆர்ட்டீமியா, கோபிபாட், மற்றும் 1 மி.மீ.க்குக் குறைந்த குருணை உணவு ஆகியவை நன்று. பகலில் வீட்டில் ஆள் இல்லையென்றால் தானியங்கி ஊட்டி அவசியம். இவ்வளவு தீனி போட்டால் கழிவு கூடும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவியான புரோட்டீன் ஸ்கிம்மரைத் தொட்டிக்குச் சொன்ன அளவைவிட ஒரு படி பெரிதாக எடுங்கள்.

அடிதடி மட்டுமே காரணம் என்று நினைப்பது பெரிய தவறு. குரோமிஸை அடிக்கடி கொல்வது யூரோனெமா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. விலாவில் தேய்த்துச் சிராய்த்ததுபோலச் சிவப்புத் திட்டு தெரியும், அதற்குமேல் பெரும்பாலும் சில நாட்கள்தான். மீன் இல்லாமலே பாக்டீரியாவைத் தின்று வாழக்கூடியது இது. ஆகவே தொட்டியைச் சில மாதம் காலியாக வைத்தாலும் ஒழியாது. வெண்புள்ளி நோய்க்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்து இதற்கு வேலை செய்யாது. புதிய மீன்களைக் குறைந்தது 30 நாள் தனித் தொட்டியில் வைத்து, தினமும் விலாவைப் பாருங்கள். திட்டு தெரிந்த மீனை உடனே பிரிக்க வேண்டும். ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) கலந்த நீரில் குளியல் வழக்கமான வைத்தியம்: 37% ஃபார்மலின் லிட்டருக்கு 0.15 மி.லி., 30 முதல் 60 நிமிடம், காற்றுக்கல் பலமாக ஓட வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். புட்டியின் அடியில் வெள்ளை வண்டல் இருந்தால் அது கொடிய நஞ்சு, பயன்படுத்தாதீர்கள். மனிதருக்கும் ஃபார்மலின் புற்றுநோய் தரக்கூடியது. கையுறையோடு, சன்னலைத் திறந்துவைத்துக் கையாளுங்கள்.

நீண்ட காலம் கூட்டம் நிலைக்க வேண்டுமானால் மீன் தேர்விலேயே பாதி வேலை முடியும். கூட்டமாக வாழும் இன்னொரு கடல்மீனான லயர்டெயில் ஆந்தியாஸில் ஓர் ஆணைச் சுற்றிப் பல பெண்கள் இருக்கும். ஆண் இறந்தால் மூத்த பெண் ஆணாக மாறும் என்பதை லெவ் ஃபிஷெல்சன் 1970-இல் வெளியிட்டார். அதனால் கடையில் நிறத்தைப் பார்த்து நாலைந்து ஆண்களை வாங்கினால் சண்டைதான். ஒரு ஆணும் ஐந்தாறு பெண்களும் போதும். பாங்காய் கார்டினல் என்ற மீனோ குட்டியில் கடல்முள்ளெலியின் முள்ளுக்குள் கூட்டமாக ஒளியும், வளர்ந்ததும் ஜோடி பிரிந்து மற்றவற்றைக் கொன்றுவிடும். குட்டிக் கூட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

குறைந்துபோன கூட்டத்தில் ஒன்றிரண்டு புது மீனைச் சேர்த்தால் அவையே அடுத்த இலக்கு. சேர்ப்பதானால் ஐந்தாறாகச் சேருங்கள். பழைய எல்லைகள் குலையும்படி பாறைகளை இடம் மாற்றி, விளக்கணைத்த பிறகு விடுங்கள். மறுநாள் காலை விளக்கு எரிவதற்கு முன்பே முதல் தீனி விழட்டும்.