பத்துமலைக்கு எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். மதுரையிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த குடும்பம் ஒன்று, ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து படம் எடுத்துத் தரும்படி என்னைக் கேட்டிருந்தது. ஏற்பாடு எல்லாம் சுற்றுலா வேன்காரருடையது. காலை 9 மணிக்கு மெர்டேக்கா சதுக்கம், 11 மணிக்கு இரட்டைக் கோபுரம், மதியம் 1 மணிக்குப் பத்துமலை முருகன் கோயில்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு 78 வயது. முருகன் சிலைக்கு எதிரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். தரை சுட்டதில் காலை மாற்றி மாற்றி வைத்தார். "தம்பி, கண்ணைத் தெறக்க முடியலப்பா" என்றார். அப்படியே எடுத்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்திருந்தது. பின்னால் வானம் வெள்ளைத் தாளாக வெளுத்து, முருகன் முகம் இருண்டு கிடந்தது. இத்தனை தூரம் பறந்து வந்தவருக்கு நான் கொடுத்தது அந்தப் படம்தான். இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது.

அந்த மூன்று இடங்களில் ஒன்றைக்கூட விட்டிருக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றியிருந்தாலே போதும்.

முதலில் ஊரின் கடிகாரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. அதனால் இங்கே கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1.15 மணியை ஒட்டி. விடிவதும் 7 மணியை ஒட்டித்தான், அடைவதும் இரவு 7 மணியை ஒட்டித்தான். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின் இருக்கும். சென்னையில் இருந்து வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் ஐந்தரைக்கே எழுந்து கிளம்பினால் கும்மிருட்டுதான் இருக்கும்.

இன்னொன்று, நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். கோலாலம்பூர் சுமார் 3 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து ஏறாது, ஏணியில் ஏறுவது போல நேராக ஏறும். மணிக்கு 15 பாகை கணக்கு. அதனால் மஞ்சள் வெயில் அரை மணி, முக்கால் மணி இருந்தாலே அதிகம். ஐரோப்பாவில் எடுத்தவர்கள் எழுதிய குறிப்புகளை நம்பி நிதானமாகப் பசியாறிவிட்டுக் கிளம்பாதீர்கள். 9 மணிக்கே வெயில் தோளில் அடிக்கும்.

சரி, பத்துமலை. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை தெற்கு பார்த்து நிற்கிறது. நம் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை, அதனால் காலை வெயில் கோபுரத்தின் முகத்தில் விழும் என்பது நம் மனதில் ஊறிய கணக்கு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது காலையில் முருகனுக்கு இடப்பக்கமாக வரும் வெயில் அவர் கன்னத்தில் படும், வேலின் விளிம்பு மின்னும், அங்கவஸ்திரத்தின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். தைப்பூசக் காலத்துப் படங்கள் அழகாக அமைய இதுவும் ஒரு காரணம். மே, ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே, அதாவது மலைக்குப் பின்னால். மதியம் போனால் முகத்துக்கு வெளிச்சமே கிடையாது. நான் எடுத்த அந்தப் பாட்டி படம் கெட்டதும் அப்படித்தான். அந்த மாதங்களில் 7.30 மணிக்கே போய்விடுங்கள். மலை நிழலில் வெளிச்சம் சீராக இருக்கும், 272 படிகளிலும் கூட்டம் குறைவு, 2018-இல் பூசிய வண்ணங்களும் வெளிறாமல் தெரியும். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.

மதியம்தான் வர முடியும் என்றால் வெளியே நிற்காமல் குகைக்குள் போங்கள். உள்ளே கூரை திறந்திருக்கும் இடத்தில், வானம் தெளிவாக இருந்தால், உச்சி வெயில் மேலிருந்து நேராக இறங்கும். சாம்பிராணிப் புகை சேர்ந்தால் ஒளி தூணாக நிற்கும்.

மெர்டேக்கா சதுக்கத்தில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் மேற்கு பார்த்தது. காலையில் போனால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்து உங்கள் கண்ணைத்தான் கூசவைக்கும். மாலை 5.30-க்கு மேல் போங்கள். 1897-இல் முடித்த அந்தச் செங்கல் சுவர் அப்போதுதான் தன் உண்மையான சிவப்பைக் காட்டும். அங்கிருந்து நேராக இரட்டைக் கோபுரம். பூங்கா கோபுரத்துக்குக் கிழக்குப் பக்கம் இருப்பதால் அங்கே காலை வெளிச்சமும் நல்லது. ஆனால் எனக்குப் பிடித்தது சூரியன் அடைந்து பத்து நிமிடம் கழித்து வரும் நேரம். வானம் கருநீலமாகி, கோபுர விளக்கும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். கால் மணி நேரம்தான். அதற்குள் வானம் கறுத்துவிடும்.

பினாங்கு போகிறவர்களுக்கும் திசைதான் வழி. ஜார்ஜ்டவுன் படகுத்துறைக் குடியிருப்புகள் கிழக்கே பெருநிலத்தைப் பார்த்தவை, அங்கே விடியற்காலை போகலாம். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், அதனால் சத்தமில்லாமல் எடுங்கள். பினாங்குக் கொடிமலையில் இருந்து பார்த்தால் நகரம் கிழக்கே விரிவதால் மாலையில் போவது மேல். அப்புறம், பிற்பகல் மழை பெய்தால் அறைக்குத் திரும்பிவிடாதீர்கள். மழை விட்ட அரை மணியில் தூசி அடங்கி, நனைந்த தரையில் ஊரே தலைகீழாகத் தெரியும்.

நம் நிறத்துக்காக ஒரு வார்த்தை. பளிச்சென்ற வானத்துக்கு முன் நம்மை நிறுத்தினால் கைப்பேசி வானத்தைக் காப்பாற்றிவிட்டு நம் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தை அதற்கு ஏற்றுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். படத்தில் நமக்கு வேண்டியது பாட்டி.

மதுரைக் குடும்பத்துக்கு மறுநாள் இரவுதான் விமானம். காலை 7.30 மணிக்கு என் காரிலேயே பாட்டியையும் பேரனையும் மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். கண் நன்றாகத் திறந்திருந்தது, குங்குமம் தெரிந்தது, கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. எடுத்து முடித்ததும் முதல் படியில் உட்கார்ந்து உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இன்னைக்குச் சுடல தம்பி."