வலையைக் கழற்றிவிட்டுக் கண்ணிவெடிக்குப் போன படகுகள்

கடலடியில் ஒரு கனத்த எடை. அதிலிருந்து மேலே ஏறும் இரும்பு வடம். நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே, வடத்தின் நுனியில் கொம்பு முளைத்த ஓர் உருண்டை. இதுதான் கடல் கண்ணிவெடி. ஈயத்தாலான அந்தக் கொம்புக்குள் கண்ணாடிக் குப்பியில் அமிலம் இருக்கிறது. கப்பல் இடித்தால் ஈயம் மடங்கும், குப்பி நொறுங்கும், அமிலம் தகடுகள்மேல் வழியும். அந்தக் கணத்தில்தான் அது பாட்டரியாகிறது, வெடிக்கிறது. அதுவரை மின்சாரமே இல்லாததால், தீர்ந்துபோகவும் எதுவுமில்லை.

இதை அகற்ற உருண்டையைத் தொட வேண்டியதில்லை, வடத்தை அறுத்தால் போதும். அதற்கு நீருக்கடியில் கம்பியை விரித்து இழுக்க வேண்டும். பிரிட்டனின் கிரிம்ஸ்பி மீனவர்கள் அன்றாடம் செய்துவந்ததும் ஏறக்குறைய அதுதான். 1907இல் அத்துறைமுகத்தைப் பார்த்த அட்மிரல் பெரஸ்போர்டு, வலை இழுத்து மீன்பிடிக்கும் இழுவைப் படகுகளையே இந்த வேலைக்கு எடுக்கலாம் என்றார். கம்பியைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் தயார், கம்பி தயார், ஆளும் தயார்.

முதல் உலகப் போரில் இரண்டு படகுகள் நடுவே ஒரே கம்பியை இழுத்தன. பின்னர் வந்த 'ஒரோபெசா' முறைக்கு ஒரு படகே போதும். மடிவலையின் வாயை அகட்டி வைக்கும் பலகையைத்தான் இங்கும் பயன்படுத்தினார்கள். கம்பியின் கடைசியில் உள்ள பலகை அதைப் பக்கவாட்டில் தள்ளும்; மிதவை ஆழத்தைக் காக்கும்; படகின் பின்னால் இன்னொரு பலகை கம்பியைக் கீழே அழுத்தும். கம்பியோ ரம்பம் போலச் சொரசொரப்பானது. அதில் சிக்கிய வடம் அறுபடும். அறுபடாவிட்டால் நுனிவரை வழுக்கிப்போய் வெட்டுக் கத்தியில் மாட்டும். மேலே மிதந்து வரும் உருண்டையைத் துப்பாக்கியால் சுடுவார்கள். சில வெடிக்கும், பல ஓட்டை விழுந்து மூழ்கும்.

ஒரு சிக்கல் உண்டு. கம்பி படகுக்குப் பின்னால்தானே வருகிறது! படகுகள் ஒன்றன் கம்பி துடைத்த தடத்தில் அடுத்தது என்று சாய்வாக அணிவகுக்கலாம்; ஆனால் முதல் படகுக்குத் துடைத்த நீர் கிடையாது. இழுவைப் படகின் அடிப்பாகமும் ஆழமானது. அதனால் உருண்டைக்கு மேல் நீர் கூடியிருக்கும் கடல் ஏற்றத்தின்போது போவதே பாதுகாப்பு.

1939இல் ஜெர்மனி தரையில் கிடக்கும் காந்தக் கண்ணிவெடியைக் கொண்டுவந்தது. அதற்கு வடமே கிடையாது. மேலே போகும் இரும்பின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும். அந்த நவம்பரில் இங்கிலாந்தின் ஷூபரினஸ் கடற்கரைச் சேற்றில் ஒன்று சிக்க, பிரிட்டிஷ் கடற்படையினர் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். உடனே மரப் படகுகளுக்கு மவுசு கூடியது. இரண்டு படகுகள் இணையாகப் போய், மிதக்கும் மின்வடங்களை இழுக்கும். விட்டுவிட்டுப் பாயும் மின்சாரம் உப்புநீர் வழியே மின்சுற்றை முடிக்கும். கப்பல் போகிறது என்று ஏமாந்த கண்ணிவெடி, படகுகள் கடந்தபின் வெறும் தண்ணீரில் வெடிக்கும்.