எழுதிச் சம்பாதிக்கும் பணத்துக்குத் தனி ஏடு போடுங்கள்

காரைக்குடியில் வரிக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பகலில் ஒரு வேலை, இரவில் எழுத்து என்று வாழ்கிறவர்கள் நிறையப் பேர். வங்கியில் இருப்பவர், கல்லூரியில் பாடம் எடுப்பவர், நகைக்கடையில் கணக்கு எழுதுபவர் எனப் பல வகை. சிலர் கதை எழுதுகிறார்கள், சிலர் மொழிபெயர்க்கிறார்கள். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்துகிறவர்களின் வலைத்தளத்துக்கு எழுதிக் கொடுப்பவர்களும், சாந்திக் கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணத்துக்கு நினைவு மலர் என்ற புத்தகம் தொகுத்துத் தருபவர்களும் உண்டு. ஒரு ஒற்றுப்பிழைக்காகப் பதிப்பாளரோடு அரைமணி நேரம் வாதாடுவார்கள். போன வருடம் எழுத்தில் எவ்வளவு வந்தது என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எழுத்துப் பணத்துக்கு இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதன் வரவு செலவைத் தனி ஏட்டில் எழுதுங்கள். ராயல்டி, சன்மானம், மொழிபெயர்ப்புக் கூலி எல்லாம் அதில் மட்டுமே வரட்டும். புத்தகம் வாங்குவது, அச்சுப் பிரதி எடுப்பது, மதுரைக்குப் போய்வரும் பஸ் செலவு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த இந்த ஊர்க்காரர்கள் கடைக்குக் கடை தனிப் பேரேடு வைத்து ஐந்தொகை என்னும் வரவுசெலவுச் சுருக்கம் எடுத்தார்கள். எந்தக் கடை தேறும், எந்தக் கடையை மூட வேண்டும் என்பது அதில்தான் தெரிந்தது. உங்கள் எழுத்தும் ஒரு கடைதான். சம்பளக் கணக்கில் அதைக் கலந்துவிட்டால், மாதக் கடைசி மளிகைக் கடனோடு அதுவும் போய்விடும். எழுத்து உங்களைத் தாங்குகிறதா, நீங்கள் எழுத்தைத் தாங்குகிறீர்களா என்பது கடைசிவரை தெரியாது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை வந்திருந்தார். வருமான வரித் துறையிலிருந்து செய்தி வந்ததில் பயந்துபோயிருந்தார். 2024-25இல் அவர் சம்பளம் 6 லட்சம். அதே வருடம் பதிப்பகம் அவருக்கு 42,000 ரூபாய் ராயல்டி கொடுத்திருக்கிறது. 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடித்ததுபோக 37,800 சம்பளக் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. "அதான் வரியைப் பிடிச்சுக்கிட்டாங்களே சார், அப்புறம் எதுக்குக் காட்டணும்?" என்றார். அப்படி நினைத்துச் சம்பளத்தை மட்டும் காட்டி ரிட்டர்ன் போட்டுவிட்டார். ஆனால் பதிப்பகம் அவருடைய பான் எண்ணில் கட்டிய தொகை, பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்தில் அப்படியே நிற்கிறது. ராயல்டியையும் சேர்த்து, சம்பளக்காரர்களுக்கு உண்டான நிலைக்கழிவு 75,000ஐக் கழித்தால் வருமானம் 5,67,000. புதிய வரி முறையில் (கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு) அந்த வருடம் 7 லட்சம் வரை வரி கிடையாது. திருத்திய ரிட்டர்ன் போட்டோம். பிடித்த 4,200 ரூபாயும் திரும்பி வந்தது. மறைத்ததால் அவருக்கு லாபம் ஒன்றுமில்லை. காட்டியதால்தான் பணம் கிடைத்தது.

2025-26 முதல் அந்த 7 லட்சம் 12 லட்சமாகியிருக்கிறது. டி.டி.எஸ். பிடிப்பதற்கான வரம்பும் 30,000இலிருந்து 50,000 ஆகியிருக்கிறது. அதற்குக் கீழே வாங்கினால் யாரும் வரி பிடிக்கமாட்டார்கள், ஆனால் அதுவும் வருமானம்தான், ரிட்டர்னில் வர வேண்டும். பான் எண் கொடுக்காவிட்டால் 10க்குப் பதில் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

எழுத்தாளர்களுக்கு வரிச்சலுகை இருக்கிறதாமே என்று கேட்பவர்கள் பலர். இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80 க்யூ க்யூ பி என்ற பிரிவு, நூல் ராயல்டியில் 3 லட்சம் வரை கழிக்க விடுகிறது. (2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன.) ஆனால் இது பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும். பள்ளிப் பாடநூலுக்கும் பத்திரிகைச் சன்மானத்துக்கும் பொருந்தாது. மலர் தொகுத்த கூலிக்கும் பொருந்தாது. நடுத்தரச் சம்பளமும் சிறிய ராயல்டியும் உள்ள ஒருவருக்குப் புதிய முறையிலேயே வரி பூஜ்யமாகிவிடுவதால், இந்தச் சலுகையைத் தேடிப் போவதில் பெரும்பாலும் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எழுத்தைத் தொழில் வருமானமாகக் காட்டினால் செலவுகளைக் கழிக்கலாம், சரி. ஆனால் சம்பளக்காரர் வருடாவருடம் வரி முறையை மாற்றிக்கொள்வதுபோல் தொழில் வருமானம் உள்ளவர் மாற்ற முடியாது. பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்கு ஒருமுறை திரும்பினால், பிறகு பழையதற்கு வழியில்லை. சினிமாவுக்குக் கதை, வசனம், பாட்டு எழுதுகிறவர்கள் 1961 சட்டத்தின் 44 ஏ.டி.ஏ. பிரிவின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். நாவலாசிரியருக்கு அந்த வசதி இல்லை. தொழில் வருமானமா, இதர வருமானமா, எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை முதல் வருடமே நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

வரி பாதிக் கதைதான். தனி ஏட்டின் பெரிய பயன் வேறு. 300 ரூபாய் விலையுள்ள நூல், 10 சதவீத ராயல்டி, 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். தமிழில் 500 பிரதி விற்பதே எத்தனை கடினம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு மணிவிழா மலருக்கு 25,000 பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பங்காளி வீடு ஒவ்வொன்றாகப் போய்ப் பேட்டி எடுக்க வேண்டும். ஆச்சியின் கல்யாணப் படம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுப் பெயர் விடுபட்டுப்போச்சு என்று மூன்றாவது மெய்ப்பில் (புரூஃபில்) திருத்தம் வரும். இரண்டரை மாத ஞாயிற்றுக்கிழமைகளும் வார நாள் இரவுகளுமாக 200 மணி நேரம் போனால், மணிக்கு 125 ரூபாய். அதே நேரத்தை நாவலுக்குக் கொடுத்திருந்தால் இந்த வருடம் ஒன்றும் வந்திருக்காது, ஆனால் நாவல் பாதி முடிந்திருக்கும். எது வேண்டும் என்பதை நான் சொல்ல முடியாது. ஏட்டில் பணத்துக்குப் பக்கத்தில் மணியையும் எழுதி வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். அப்படி எழுதிய ஒருவர் அடுத்த மலருக்கு 40,000 கேட்டார், கொடுத்தார்கள்.

அப்புறம், வேலை கொடுத்தவரின் அனுமதி. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் 15ஆவது விதி, எப்போதாவது செய்யும் இலக்கியப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை என்கிறது. மாதாமாதம் காசு வாங்கி எழுதுவது அந்த "எப்போதாவது"வில் அடங்காது. மாநில அரசு ஊழியர்களுக்கு 1973 விதிகள் தனியாக இருக்கின்றன. தனியார் நிறுவனமென்றால் நியமன ஆணையைப் படியுங்கள். வேறு வருமானம் கூடாது என்று ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். எதுவானாலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "சாரிடம் சொல்லியிருக்கேன்" என்பது அந்த சார் மாற்றலாகிப் போகும்வரைதான் செல்லும்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் இங்கேதான் வருகிறது. வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். வீட்டில் உங்கள் நேரத்தில் எழுதும் கதை உங்களுடையது. ஆகவே அதை அலுவலக மடிக்கணினியில் எழுதாதீர்கள், அலுவலக மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சில ஒப்பந்தங்களில் "உலகம் முழுதும், உரிமைக் காலம் முழுதும்" என்று கவனமாக அச்சடித்திருக்கிறார்கள். அந்த வரியில் கையெழுத்துப் போடும் முன் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்களுக்குப் பல நேரம் கிடைக்கிறது.

வேலையை விட்டுவிடலாமா என்ற கேள்வி எல்லாருக்கும் ஒருநாள் வரும். பள்ளத்தூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு எத்தனை நாளைக்கு அண்ணே?" என்றார். மொழிபெயர்ப்பில் நல்ல வரவு. ஏட்டைப் பார்த்தேன், 14 மாதக் கணக்கு இருந்தது, அதில் முக்கால் பங்கு ஒரே இடத்திலிருந்து வந்த பணம். அந்த ஒரு இடம் நின்றால் என்ன என்று கேட்டேன். வேலையில் ஐந்து வருடம் நிறைய இன்னும் எட்டு மாதம் இருந்தது. அடிப்படைச் சம்பளம் 26,000 என்றால் வருடத்துக்கு 15,000 வீதம் 75,000 ரூபாய் பணிக்கொடை (கிராஜுவிட்டி). அதற்கு முன்னால் விட்டால் அது கேள்விக்குறி. நிறுவனம் கட்டும் 12 சதவீத பி.எஃப். நிற்கும், குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு அன்றோடு போகும். வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டுக்குப் பதில் இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்பார்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: எழுத்துக் கணக்கில் ஒரு வருடக் குடும்பச் செலவு சேர்ந்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று இடங்களிலிருந்து வரவு வர வேண்டும், சொந்தக் காப்பீடு எடுத்து முடித்திருக்க வேண்டும். அவர் எட்டு மாதம் பொறுத்துக்கொண்டு, அதற்குள் இன்னும் இரண்டு பதிப்பகங்களைப் பிடித்துவிட்டார்.

விட்ட பிறகு மாதாமாதம் வரி பிடித்துத் தர யாரும் இல்லை. டி.டி.எஸ். போக வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்வரி (அட்வான்ஸ் டாக்ஸ்) கட்ட வேண்டும். ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு விஷயம். பதிப்புரிமை எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டுகள் இருக்கிறது. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1981இல் காலமானார். அவர் காலத்துக்குப் பிறகான உரிமைக் காலம் 2041 முடிய ஓடுகிறது. உங்கள் நூல்களுக்கும் அதே கணக்குதான். வீட்டையும் நகையையும் உயிலில் எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. எந்த நூல் எந்தப் பதிப்பகத்தில் இருக்கிறது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ராயல்டி எந்த மாதம் வரும் என்பதை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஏடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். உயிலில் "என் நூல்களின் பதிப்புரிமை இன்னாருக்கு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.